நூலாக நீண்ட நாற்றுக்கு ஹார்மோன் ஊற்றலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் தண்டுக்கீரை விதைத்தேன். பத்தே நாளில் நாற்றுகள் நூல்போல நீண்டு, வெளிறிச் சாய்ந்துவிட்டன. ‘வளர்ச்சி ஹார்மோன்’ ஊற்றினால் தேறிவிடும் என்கிறார், இணையத்தில் அதை விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் நாற்றுகளில் ஹார்மோனுக்குப் பஞ்சமில்லை; வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம். தண்டை நீட்டும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதங்களை, டெல்லா என்னும் வேறு வகைப் புரதங்கள் பிடித்து வைத்திருக்கும். நிழலில் ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் கூடும்போது டெல்லா சிதைந்துவிடுகிறது. விடுபட்ட புரதங்கள் அந்த மரபணுக்களை முடுக்கிவிட, ஆக்ஸின் என்ற இன்னொரு ஹார்மோனும் பெருகி, வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீள்கிறது. வெயில் பட்டால் ஜிப்ரெலின் குறையும், டெல்லா நிலைக்கும், தண்டு தடிக்கும்.

அந்தப் போத்தலில் இருப்பது ஜிப்ரெலின் என்றால், நோயையே மருந்தாக ஊற்றுகிறீர்கள். 1926இல் எயிச்சி குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், ஒரு பூஞ்சை வளர்ந்த நீரை நெல் நாற்றுக்குக் கொடுத்தபோது, நாற்று உங்கள் கீரையைப் போலவே வெளிறி நெடுநெடுவென்று நீண்டது. ஜிப்ரெலின் பற்றிய அறிவு அங்கிருந்துதான் தொடங்கியது.

சென்ற மாதம் இப்படியொரு போத்தலை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். ஒட்டுச்சீட்டில் பச்சை இலைப் படம் இருந்தது. எந்த ஹார்மோன், எவ்வளவு என்ற விவரம் மட்டும் இல்லை. இருமல் மருந்தை இப்படி விற்க விடுவோமா? செடிக்குத்தானே என்று எல்லாரும் கண்டும் காணாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெயரும் அளவும் அச்சிடாத எதையும், எத்தனை வெள்ளி தள்ளுபடி தந்தாலும், தொடாதீர்கள்.

ஜிப்ரெலின் உதவும் இடம் ஒன்று உண்டு: உறங்கும் விதை. பார்லி விதையில் கரு வெளியிடும் ஜிப்ரெலின், மாவுப் பகுதியைச் சுற்றியுள்ள அடுக்கில் அமைலேஸ் நொதிக்கான மரபணுவை இயக்குகிறது. அந்த நொதி மாவைச் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டுகிறது. எளிதில் முளைக்காத சில விதைகளை ஜிப்ரெலின் கரைசலில் ஊறவைப்பது இதனால்தான். ஆனால் அது முளைக்கும் முன்பு செய்வது, அதுவும் அளவு தெரிந்து செய்வது. தண்டுக்கீரைக்கு அது தேவையே இல்லை. உங்கள் விதைகளோ முளைத்தே விட்டன. இந்த விதிவிலக்கைக் காட்டி யாராவது விற்க வந்தால், “என் செடி முளைத்துவிட்டது” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நீண்ட தண்டு இனிச் சுருங்காது. புதிதாக விதைத்து, முளை தெரிந்த நாளிலிருந்தே, தாழ்வாரத்தில் நேரடி வெயில் சில மணி நேரமாவது விழும் மூலையில் தொட்டியைத் தரையில் வையுங்கள். வெயிலுக்காகக் கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.