மடிப்பும் வெளிச்சமும்: மினியேச்சர் மேலங்கி குறித்து வாசகர் கேள்விகள்

வண்ணம் பூசும் சிறு மினியேச்சர் பொம்மைகளில் ஒன்றான மந்திரவாதி உருவத்தின் சிவப்பு மேலங்கியில், மேடான இடங்களுக்கு வெள்ளை கலந்து பூசினேன். முழுதும் ரோஜா நிறமாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா? (லாஸ்பேட்டை)

அழிக்க வேண்டியதில்லை. வெயில் நேரத்தில் நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கும் காவலரின் சிவப்புத் தொப்பியைக் கவனியுங்கள். ஒளி படும் பக்கம் ஆரஞ்சை நோக்கித்தான் நகர்கிறது, ரோஜாவை நோக்கி அல்ல. சிவப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீரில் நன்கு நீர்க்கச் செய்து, தூரிகையை டிஷ்யூவில் ஒற்றியபின், மடிப்பின் மேடான முகட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி இழுங்கள்; இழுப்பு முடியும் இடத்தில்தான் நிறமி அதிகம் தங்கும் என்பதால், பள்ளம் தானாகவே செறிவடையும். இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்தபின் பூசினால் ரோஜா அடங்கிவிடும். பிறகு முகட்டுக்கு மட்டும் ஆரஞ்சு போதும்.

எந்த மடிப்பில் வெளிச்சம், எந்த மடிப்பில் நிழல் என்று எப்படி முடிவு செய்வது? (மஞ்சக்குப்பம், கடலூர்)

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி இது. ஒரு பாட்டிலின் கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றித் தொங்கவிட்டு, அறை விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சை வலப்பக்க மேற்புறத்தில் ஒரு முழ உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தோளில் அகலமாகப் படரும் ஒளி, முகடுகளின் வழியே இறங்க இறங்கக் குறுகி, கீழ் விளிம்பு வெளியே மலரும் இடத்தில் மறுபடி பளிச்சிடும். இரு முகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலோ, இடப்பக்கச் சுவர் ஒளியை வாங்க, வலப்பக்கச் சுவர் இருண்டிருக்கும். எல்லா முகடுகளுக்கும் ஒரே அகலத்தில் கோடு இழுப்பதே நம்மில் பலர் செய்யும் பிழை. அது துணியாகத் தெரியாது, கூரைத் தகரத்தின் நெளிவாகத் தெரியும். பருத்தி என்றால் இருளுக்கும் ஒளிக்கும் இடையே பல மெல்லிய படிகள் வேண்டும். பட்டு என்றால் ஒளி ஒடுங்கிய பட்டையாகவும், அதை ஒட்டியே நிழலும் வர வேண்டும். கறுப்பு பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த உருவத்தின்மீது மேலிருந்து மட்டும் வெள்ளை பிரைமரை லேசாகத் தூவி, அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், வண்ணம் மூடிய பின்னும் வழிகாட்டி கையில் இருக்கும்.

மேலங்கியை ஒட்டிவிட்டுப் பூசுவதா, பூசிவிட்டு ஒட்டுவதா? (முத்தியால்பேட்டை)

முதுகுப் பக்கம் தூரிகை நுழையாது என்றால் தனியாகப் பூசுங்கள். ஒட்டும் இடத்தில் மட்டும் வண்ணம் படாமல் காத்துக்கொள்ளுங்கள். அங்கே வண்ணம் இருந்தால் பசை வண்ணத்தைத்தான் பிடிக்கும், உருவத்தை அல்ல.

கொலு பொம்மைக்கு வாங்கிய போஸ்டர் கலர் மீதமிருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா? (பண்ருட்டி)

பொம்மைகளுக்குப் பேர்போன பண்ருட்டிக்காரரிடமிருந்து வர வேண்டிய கேள்விதான். ஆனால் போஸ்டர் கலர் காய்ந்தபின்னும் தண்ணீரில் கரையும். மேலே நீர்த்த வண்ணம் பூசியவுடன் அடிப்பூச்சு கிளம்பிவிடும். சாண் உயரப் பொம்மையில் பொருந்தும் தடிமன், 28 மி.மீ. உருவத்தின் மடிப்புகளை அடைத்தும்விடும். அக்ரிலிக்கே வாங்குங்கள்.

மழைக்காலத்தில் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேற்பூச்சு) ஸ்ப்ரே அடித்ததும் மேலங்கி வெளிறிப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. (வில்லியனூர்)

நவம்பர் மாத மாலையொன்றில் என் கருநீல மேலங்கிக்கும் இதே கதி நேர்ந்தது. காற்றின் ஈரமே பெரும்பாலும் காரணம். நன்கு காய்ந்தபின் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை மெல்லியதாகத் தூரிகையால் பூசினால் பல சமயங்களில் நிறம் மீளும். அதன்மேல் மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை ஸ்ப்ரே கேனை அலமாரியில் வைத்துவிடுவதே என் வழக்கம்.

விளிம்பில் ஜரிகைக் கரை வரைய ஆசை. தங்க வண்ணம் மங்கலாகவே இருக்கிறது. (திருப்பாதிரிப்புலியூர்)

மேட் வார்னிஷுக்கு அடியில் எந்தத் தங்கமும் மங்கத்தான் செய்யும். முதலில் வார்னிஷை முடித்துவிட்டு, காய்ந்தபின் கரையை வரையுங்கள். தங்க வண்ணத்துக்கு அடியில் காவி நிறக் கோடு ஒன்று இருந்தால் மூடல் நன்றாக வரும். தூரிகையைக் கழுவ வேறு தண்ணீர் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த உருவத்தின் முகத்திலும் ஜரிகைத் துகள் மின்னும்.