பழைய பிளேயரில் ஓடும் டிவிடி எது?

கேள்வி: மகளின் திருமணக் காணொளியை டிவிடியில் பதிந்து உறவினர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். முதலில் வாங்கிய வட்டுகள் என் கணினியில் ஓடின. அண்ணன் வீட்டுப் பழைய பிளேயரில் ஓடவில்லை. கடைக்காரரோ பிளஸ் ஆர் (DVD+R), மைனஸ் ஆர் (DVD-R) என்ற வட்டு வகைகள் எல்லாம் ஒன்றுதான் என்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இன்றைய கணினிகளைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்னது சரி; அண்ணன் வீட்டுப் பிளேயருக்கு அது பொருந்தாது.

வட்டின் மேல் பழி போடுவதற்கு முன், அதைக் கணினியில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு எம்பி4 கோப்பு இருந்தால், எந்த வட்டு வாங்கினாலும் பழைய பிளேயர் அதைக் காட்டாது. 'டிவிடி வீடியோ' என்ற முறையில், நம் நாட்டுத் தொலைக்காட்சிகளுக்குரிய 'பால்' (PAL) என்ற பட வடிவத்தில் பதிந்து, மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்கும் 'ஃபைனலைஸ்' வேலையையும் செய்ய வேண்டும்.

அது சரியாக இருந்தால், டிவிடி மைனஸ் ஆர் வாங்குங்கள். ஒருமுறை மட்டும் பதியும் ஒற்றை அடுக்கு வட்டு தன் மேல் விழும் லேசர் ஒளியில் 45 விழுக்காட்டுக்குக் குறையாமல் திருப்பி அனுப்ப, அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டு 18 முதல் 30 விழுக்காடு வரையே அனுப்புவதால், தேய்ந்த லேசர் கொண்ட பிளேயர்கள் பின்னதைப் படிக்கத் திணறுகின்றன. பிளஸ் ஆர் வட்டும் பெரும்பாலும் ஓடும். ஆனால் 1997இல் முதலில் வந்தது மைனஸ் ஆர் என்பதால், பழைய பிளேயர்களுக்கு அதுவே பழக்கமானது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டு உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு மணி நேரக் காட்சிக்கு 4.7 ஜிபி போதும். அதைக் கணினி 4.38 என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக எண்ண வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு.

ஐம்பது வட்டுக் கட்டு மலிவு என்று உடனே எடுத்துவிடாமல், முதலில் பத்து வாங்குங்கள். கடை வாசலில் வெயில் படும் அலமாரியில் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். வட்டிலுள்ள சாயத்துக்கு வெயில் ஆகாது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வட்டின் மேல் 16 மடங்கு வேகம் என்று அச்சிட்டிருந்தாலும் 8 மடங்கில் பதியுங்கள். மணமக்கள் படத்தைத் தாளில் அச்சிட்டு ஒட்டுவது அழகுதான், ஆனால் சுழலும் வட்டு அதனால் தள்ளாடும். பேனாவால் எழுதினால் போதும்.

ஒன்றைப் பதிந்ததும் அண்ணன் வீட்டுக்கே எடுத்துச் சென்று, கடைசிப் பத்து நிமிடங்களை ஓட்டிப் பாருங்கள். டிவிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பதியப்படுவதால், தாலி கட்டும் காட்சி தெளிவாக ஓடி, விருந்துக் காட்சியில் படம் சிதறுவது உண்டு.