திரையில் ஊரும் பட்டையும் மின்னும் புள்ளிகளும்: ஹோம் தியேட்டர் கேள்வி-பதில்

கேள்வி: செட் டாப் பாக்ஸையும் புரொஜெக்டரையும் மஞ்சள் வீடியோ வயர்கள் கொண்டு ஏ.வி. ரிசீவர் (படத்தையும் ஒலியையும் வாங்கித் திரைக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் கருவி) வழியாக இணைத்திருக்கிறோம். படத்தின் குறுக்கே மங்கலான, அகலமான ஒரு பட்டை மெதுவாக மேல் நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. சப்வூஃபரிலும் ஓயாத உறுமல் கேட்கிறது. புரொஜெக்டர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் இரண்டும் நின்றுவிடும் என்கிறார் தெரிந்த ஒருவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. அவர் சொல்வதுபோல் பட்டை மறையக்கூடும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்த யோசனை இன்னும் வாய்வழியாக உலவிக்கொண்டிருக்கிறது. ஆனால் எர்த் துண்டிக்கப்பட்ட கருவியின் உள்ளே மின்காப்பு ஒரு நாள் பழுதானால், அதன் உலோகப் பகுதிகள் மட்டுமல்லாமல், அதனோடு வயரால் இணைந்திருக்கும் ரிசீவரும் பாக்ஸும்கூடத் தொட்டால் ஷாக் அடிக்கும் நிலைக்கு வந்துவிடலாம்.

நீங்கள் விவரிப்பது கிரவுண்ட் லூப் எனப்படும் கோளாறின் அடையாளம். கேபிள் டிவியின் கோஆக்சியல் கேபிளுடைய (நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோக உறையும் கொண்ட வட்டக் கேபிள்) வெளியுறை வீட்டுக்கு வெளியே எங்கோ ஓரிடத்தில் பூமியோடு இணைந்திருக்கிறது. ரிசீவரோ புரொஜெக்டரோ மூன்று பின் பிளக் வழியாக வீட்டின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. இவ்விரண்டு எர்த்துகளுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே போதும், வீடியோ வயரின் வெளியுறை வழியாக மின்னோட்டம் பாய்ந்து, மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலை படச் சிக்னலோடு கலந்துவிடும். அது திரையில் பட்டையாகவும் ஸ்பீக்கரில் உறுமலாகவும் வெளிப்படுகிறது. இரண்டும் சேர்ந்தே வந்திருப்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமான துப்பு.

பட்டை ஏன் ஊர்கிறது என்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. படம் புதுப்பிக்கப்படும் வேகமும் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் மிகச் சரியாக ஒன்றாக இருந்தால் பட்டை ஓரிடத்திலேயே நிற்கும். அமெரிக்காவில் 1953-இல் ஏற்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சி முறையில் படம் விநாடிக்கு 59.94 முறை வரையப்படுகிறது, மின்சாரமோ 60 ஹெர்ட்ஸ், இந்த 0.06 வித்தியாசத்தால் பட்டை திரையை ஒருமுறை கடக்க ஏறத்தாழ 17 விநாடிகள் ஆகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்விநியோக அதிர்வெண்ணின் சிறு ஏற்ற இறக்கத்திற்கேற்ப அது ஊரும் வேகமும் திசையும் மாறும்.

உறுதிப்படுத்திக்கொள்ளும் வழி எளிது. செட் டாப் பாக்ஸின் மெனுவைத் திரையில் வரவழைத்துவிட்டு, மற்ற எதையும் தொடாமல், பாக்ஸுக்கு வரும் கோஆக்சியல் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். பட்டையும் உறுமலும் ஒருசேர மறைந்தால் குற்றவாளி அந்தக் கேபிளின் எர்த்துதான். அதன் வெளியுறை, வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வீட்டின் எர்த்தோடு முறையாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேபிள் நிறுவனத்தாரையோ எலக்ட்ரீஷியனையோ பார்க்கச் சொல்வதே சரியான தீர்வு. அது உடனே இயலாவிட்டால், கோஆக்சியல் கேபிளுக்கென்றே விற்கப்படும் ஐசொலேட்டரை (சிக்னலை விட்டு, எர்த் வழி மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு கருவி) பாக்ஸுக்கு முன்னால் பொருத்தலாம். டிஷ் ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளில் மட்டும் இதைப் பொருத்த வேண்டாம். டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவி அந்தக் கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தைப் பெறுகிறது, பெரும்பாலான ஐசொலேட்டர்கள் அதைத் தடுத்துவிடும்.

பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. வாய் இருந்தால் மஞ்சள் வயரைக் கைவிட்டு அதற்கு மாறிவிடுவது நல்லது. டிஜிட்டல் இணைப்பில் இந்த வகைப் பட்டை தோன்றுவதில்லை, படமும் பல மடங்கு தெளிவாக இருக்கும். ஆனால் சப்வூஃபரின் உறுமல் தொடரலாம் என்பதால், எர்த்தைச் சரிபார்க்கும் வேலையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு பட்டைக்குப் பதிலாக இரண்டு பட்டைகள் தெரிந்தால் கதை வேறு. ஏதோ ஒரு கருவியின் பவர் சப்ளையில் மின்தேக்கி வலுவிழந்து, மின்சாரத்தின் இரட்டை அதிர்வெண் படத்தில் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் அதை நீங்களே திறக்க வேண்டாம்.

கேள்வி: 4கே டிஸ்க் பிளேயரிலிருந்து சுவருக்குள் செல்லும் 10 மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகப் படம் பார்க்கிறோம். இருண்ட காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன. சில சமயம் திரை ஓரிரு விநாடிகள் கறுத்துத் திரும்புகிறது. மிக விலையுயர்ந்த கேபிளை வாங்கினால் சரியாகுமா?

பதில்: விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. டிஜிட்டல் கேபிளில் நிறம் வெளுப்பதோ படம் மங்குவதோ நடக்காது. தரவு சேர்ந்தால் படம் முழுமையாக வரும், சில பிட்கள் தவறினால் அந்த இடங்களில் புள்ளிகள் மின்னும், இன்னும் மோசமானால் திரை கறுக்கும். உங்கள் கேபிள் அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது.

விநாடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் 1080பி (முழு எச்.டி.) படத்திற்கு விநாடிக்கு 4.46 ஜிகாபிட் வேகம் போதும். அதே 60 பிரேமில் 4கே படத்திற்கு 17.82 ஜிகாபிட் வேண்டும். சாதாரணச் செம்புக் கேபிள் 10 மீட்டர் நீளத்தில் இந்த வேகத்தைத் தாங்குவது கடினம். பிளேயரின் செட்டிங்கில் 1080பி என்று மாற்றிப் பாருங்கள். புள்ளிகள் மறைந்தால் சந்தேகம் கேபிளின் மீதே விழுகிறது. பிறகு, சுவரைத் தொடுவதற்கு முன், 2 மீட்டர் கேபிள் ஒன்றால் பிளேயரை நேரடியாகத் திரையோடு இணைத்து, பிளேயரும் திரையும் குற்றமற்றவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. திரைப்பட டிஸ்க்குகள் பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேமில் பதிவானவை. பிளேயர் அவற்றை 60 பிரேமாக மாற்றி அனுப்பும்படி அமைத்திருந்தால், 24 பிரேமிலேயே அனுப்பச் சொல்லுங்கள். கேபிளின் சுமை பாதியாகக் குறையும். அதன் பின்னும் புள்ளிகள் நிற்கவில்லையென்றால், ஒளியிழை வழியே தரவை அனுப்பும் ஆக்டிவ் ஆப்டிகல் வகைக் கேபிளை வாங்குங்கள். அதன் ஒரு முனை பிளேயருக்கும் மறுமுனை திரைக்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும்; சுவருக்குள் தலைகீழாக இழுத்துவிட்டால் படமே வராது.

படம் தொடங்கும்போதும், மெனுவிலிருந்து படத்திற்கு மாறும்போதும் மட்டும் திரை கறுத்தால் அது கோளாறு அல்ல. பிரேம் வேகம் மாறுவதால் கருவிகள் மீண்டும் ஒத்திசைந்துகொள்ள எடுக்கும் நேரம் அது.

கேள்வி: மின்விசிறி சுவிட்சை அணைக்கும்போதெல்லாம், மாடி ஆன்டெனாவில் வரும் டிஜிட்டல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஏன்?

பதில்: சுவிட்ச் பிரியும் நொடியில் எழும் தீப்பொறி, எல்லா அதிர்வெண்களிலும் இரைச்சலை வீசுகிறது. ஆன்டெனாவிலிருந்து டிவி வரை வரும் கேபிளில் பின்னல் உறை பழுதாகியிருந்தாலோ, கனெக்டர் தளர்ந்திருந்தாலோ அந்த இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும். எல்லா இணைப்புகளையும் இறுக்கி, இரட்டை உறை கொண்ட ஆர்.ஜி.6 ரக கோஆக்சியல் கேபிளுக்கு மாறினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆம்ப்ளிஃபயர் வாங்க நினைத்தால் அதை டிவிக்கு அருகில் பொருத்த வேண்டாம். கேபிளில் ஏற்கெனவே நுழைந்த இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கும். ஆன்டெனாவை ஒட்டிப் பொருத்தினால் மட்டுமே பயன் உண்டு.