பழைய தொடர்களுக்கு எச்டி தேவையா? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்தும் திருமண வீடியோக்களைத் தொகுத்தும் வரும் என்னிடம் வட்டாரத்தினர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): என்னிடம் பழைய ஆங்கிலத் தொடர்களின் டிவிடிகள் நிறைய உள்ளன. அவற்றையே மறுபடியும் எச்டி (உயர்தெளிவு) வட்டான புளூ-ரேயில் வாங்குவது பணத்துக்குத் தகுமா?

பதில்: ஐயா, அந்தத் தொடர் பிலிமில் எடுக்கப்பட்டதா, வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது. 35 மி.மீ. பிலிமில் எடுத்திருந்தால், அன்று நம் நாட்டு ஒளிபரப்பு படத்தை 576 கிடைவரிகளாகத்தான் காட்டியது என்றாலும், எச்டியின் 1080 வரிகளை நிரப்பும் அளவுக்கு நுணுக்கம் அந்தச் சுருளில் இருக்கிறது. மூலச் சுருளை நல்லபடியாக ஸ்கேன் செய்திருந்தால் சட்டைத் துணியின் நெசவுகூடத் தெரியும். டேப்பில் எடுத்த தொடரில் இல்லாத நுணுக்கத்தை எந்த இயந்திரமும் மீட்டுத் தர இயலாது.

இரண்டும் கலந்தவையும் உண்டு. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரில் விடுதிக்குள் நடப்பவை டேப்பிலும், வெளிப்புறக் காட்சிகள் 16 மி.மீ. பிலிமிலும் எடுக்கப்பட்டவை, ஒருவர் வாசலைத் தாண்டியதும் படத்தின் சாயலே மாறிவிடுவதை ஐயா கவனித்திருப்பீர்கள். ‘ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பிலிமில் எடுக்கப்பட்டாலும், அதன் தொகுப்பும் தந்திரக் காட்சிகளும் அமெரிக்க முறையின் 480 வரி டேப்பிலேயே முடிக்கப்பட்டன. அதனால் 2012 முதல் 2014 வரை அதைப் புளூ-ரேயில் கொண்டுவந்தபோது, மூலச் சுருள்களைத் தேடியெடுத்து, ஸ்கேன் செய்து, 178 அத்தியாயங்களையும் முதலிலிருந்து தொகுக்க நேர்ந்தது. அதன் தம்பித் தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ முழுவதற்கும் அந்தச் செலவைச் செய்ய எவரும் முன்வரவில்லை. அது உங்களிடம் டிவிடியில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மளிகைக் கடைக்காரர்): தொண்ணூறுகளில் வந்த தமிழ்த் தொடர்கள் எச்டியில் நன்றாக இருக்குமா?

பதில்: பெரும்பாலும் டேப். பழைய பிரதியே போதும்.

கேள்வி (இளைஞர்): பெரிய 4கே பெட்டி வாங்கினால் பழைய தொடர் தெளிவாகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது, தம்பி. குறையும் பெரிதாகத் தெரியும். புதுப் பெட்டியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். கூர்மையையும் குறைத்து வையுங்கள்.

கேள்வி (இசை ஆசிரியை): டிவிடியில் கேட்ட முகப்புப் பாடல் புளூ-ரேயில் மெதுவாகவும் சுருதி இறங்கியும் ஒலிக்கிறது. வட்டில் பழுதா?

பதில்: உங்கள் செவிக்கு என் வணக்கம், டீச்சர். வட்டில் பழுதில்லை. பிலிம் நொடிக்கு 24 சட்டங்கள் (பிரேம்கள்) ஓடுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய ‘பால்’ (PAL) முறைக்கு 25 தேவை என்பதால், டிவிடிக்காக அதை ஏறத்தாழ 4 விழுக்காடு வேகமாக ஓட்டிவிடுவார்கள். சுருதி ஏறுவது அதனால்தான். புளூ-ரே பெரும்பாலும் 24 சட்டங்களிலேயே ஓடுவதால், நீங்கள் இப்போது கேட்பதே உண்மையான வேகம். பிலிம் தொடருக்கு எச்டி வாங்க இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

கேள்வி (லாரி ஓட்டுநர்): திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. பணம் கொடுத்து வாங்கிய திரையை ஏன் வீணாக்க வேண்டும்? ரிமோட்டில் பெரிதாக்கினால் நிறைந்துவிடுகிறதே.

பதில்: அண்ணே, பக்கம் நிறைவது உண்மைதான், ஆனால் மேலும் கீழுமாகப் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. பழைய தொடர்கள் அகலம் நாலுக்கு உயரம் மூன்று என்ற அளவுக்குத் திட்டமிடப்பட்டவை.

கேள்வி (அவருடைய நண்பர்): நிறுவனங்களே அகலமாக்கி வெளியிடுகின்றனவே. அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

பதில்: தெரிந்தேதான் வெட்டுகிறார்கள். ‘சைன்ஃபெல்ட்’ 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, சாலைப் பள்ளத்தை வைத்தே பெயரிடப்பட்ட அத்தியாயத்தில் பாத்திரம் பள்ளத்தைக் காட்டிப் பேசுகிறது, பள்ளமோ திரைக்குக் கீழே வெட்டுப்பட்டுக் காணாமற்போனது. ‘சிம்ப்சன்ஸ்’ 2019இல் டிஸ்னி பிளஸில் அகலத் திரையில் வந்ததும் இதே முறைப்பாடு எழுந்து, அடுத்த ஆண்டு பழைய அளவையும் தெரிவாகக் கொடுத்தார்கள். வெட்டாமல் பக்கங்களைத் திறந்துவிட்டாலும் தொல்லைதான்: ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் அகலப் பதிப்பில், சட்டத்துக்கு வெளியே நின்றிருந்த பதிலாள்கள் உள்ளே தெரிகிறார்கள். பட்டையைக் குறை சொல்வோர் இன்னும் மூவர் எழுதியிருக்கிறார்கள். மூவருக்கும் இதுவே பதில்.

கேள்வி (முன்பு ரப்பர்த் தோட்டத்தில் இருந்த அம்மையார்): எங்கள் கல்யாணக் கேசட்டை எச்டியாக்கித் தர முடியுமா? கடையில் ஒருவர் நூற்றைம்பது வெள்ளி கேட்கிறார்.

பதில்: அக்கா, கேசட் எச்டி ஆகாது, ஆனால் அது அழியுமுன் கணினியில் ஏற்றிவிட வேண்டியது அவசியம். கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெண்மையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் இது சாதாரணம். அப்படியே இயந்திரத்தில் போட்டால் அதில் டேப்பைப் படிக்கும் தலையிலும் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். எனவே போட்டுப் பார்க்காமல் கடைக்குக் கொண்டு போங்கள். அங்கே சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். ‘எச்டி’ என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்றிய பிறகு மூலக் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.