கொலஸ்ட்ரோல் குளிசையும் நீர்க் குளிசையும்: கால் குறண்டினால் எதை நிறுத்துவது?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பிரஷருக்கு லொசார்டன், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின் 20 மில்லிகிராம் நெடுநாளாகக் குடிக்கிறார். போன மாதம் நீர்க் குளிசையும் (ஹைட்ரோகுளோரோதயசைட் 25) சேர்த்தார்கள். இப்போது இரவில் கெண்டைக்கால் குறண்டுகிறது. இரண்டும் ஒத்துவராது, கொலஸ்ட்ரோல் குளிசையை விடச் சொல்கிறார்கள். விடலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்களாக எதையும் விடவேண்டாம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் மருந்துகள் அல்ல. ஆனால் நீர்க் குளிசை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். இரத்தத்தில் அது 3.5க்குக் (mmol/L) கீழே போனால் தசை குறண்டலாம், சோரலாம். கொலஸ்ட்ரோல் குளிசையாலும் தசை நோகலாம். புதிதாக வந்தது நீர்க் குளிசை. முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

அதற்காக உடனே செவ்விளநீரும் வாழைப்பழமும் கொடுத்துத் தள்ளாதீர்கள். லொசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கும். ஸ்பைரோனோலக்டோனும் நீர்க் குளிசைதான், ஆனால் அதுவும் பிடித்துத்தான் வைக்கும். லொசார்டனோடு அதைக் குடிப்பவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குழம்பலாம். அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் எவரும் பொட்டாசியம் சேர்க்கக் கூடாது.

ஒரே இரத்தத்தில் எலக்ட்ரோலைட்ஸ் (பொட்டாசியம் போன்ற உப்புகள்), கிரியேட்டினின் (கிட்னிக்கு), சி.பி.கே. (தசை பழுதானால் ஏறுவது) மூன்றையும் பாருங்கள். ‘முழு உடல் பக்கேஜ்’ என்று தலையில் கட்டுவார்கள். அதில் பலவற்றில் சி.பி.கே. இருப்பதே இல்லை. சி.பி.கே. இயல்பின் உச்ச அளவைவிடப் பத்து மடங்கு தாண்டினால் கொலஸ்ட்ரோல் குளிசையை அன்றே நிறுத்தி டொக்டரிடம் போக வேண்டும். அதைவிடக் குறைவாக ஏறியிருந்தாலும் டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

நான் பயப்படுவது பாமசி கவுண்டருக்குத்தான். கால் நோ என்றதும் துண்டு கேட்காமல் டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசையை வெட்டித் தருவார்கள். நீர்க் குளிசை உடம்பின் நீரைக் குறைத்திருக்கிறது, லொசார்டன் கிட்னியின் வடிகட்டும் அழுத்தத்தைத் தளர்த்தியிருக்கிறது. டைக்ளோபெனாக் கிட்னிக்குப் போகும் இரத்தத்தையும் சுருக்கிவிடும். மூன்றும் சேர்ந்தால் சில நாட்களிலேயே கிட்னி பழுதாகலாம். நோவுக்குப் பரசிட்டமோல் போதும். தொண்டை நோவுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் தந்தாலும் கொலஸ்ட்ரோல் குளிசை இருப்பதைச் சொல்லுங்கள்; அது இரத்தத்தில் அந்தக் குளிசையின் அளவை ஏற்றிவிடும்.

கிளினிக் கொப்பியில் ஒரு பட்டியல், சனல் பண்ணிய டொக்டரின் துண்டில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அதை நீங்கள்தான் செய்யவேண்டியிருக்கிறது. பத்துக் குளிசை வெட்டித் தரும்போது பெயருள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும். உறையில் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்குங்கள்.

சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் தொடை சோர்ந்தால், ரிப்போட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே எல்லா உறைகளோடும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.