உயிரைப் பணயம் வைத்து விளையாடிய இடத்தை ஏன் ஏக்கத்தோடு நினைக்கிறோம்?

போன காலத்தை ஆசையும் வருத்தமும் கலந்து நினைத்துக்கொள்வதுதான் பால்யகால ஏக்கம். ஆபத்தான இடங்கள் மேல் அது இன்னும் கூடுதலாகவே வரும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கம் நடுவயதுக்காரர்களிடம் திருவிழாவில் கையால் தள்ளிச் சுற்றிய மர ராட்டினத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1978-இல் தொடங்கி 1996-இல் மூடிய ஆக்‌ஷன் பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவைப் பற்றியும் அங்கே வளர்ந்தவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். அங்கிருந்த ஒரு சறுக்குக் குழாய், முடிவில் செங்குத்தாக முழு வட்டம் அடிக்கும். 1985-இல் ஒரு மாதம்போல ஓடியது, அப்புறம் மூடிவிட்டார்கள். அதில் ஏற ஆளும் கிடைத்ததுதான் ஆச்சரியம்!

காரணம் இதுதான். பயந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அந்த நேரத்தில் நடந்தது மூளையில் அழுத்தமாகப் பதிகிறது. ஆனால் நாளாக ஆக, நினைவில் இருக்கும் சந்தோஷத்தைவிடப் பயமும் வலியும் சீக்கிரம் மங்கிவிடும். உப்பில் போட்ட மாவடு மாதிரி: துவர்ப்பு போய்விடும், ருசி நிற்கும். இடமே மூடிப்போயிருந்தால், திரும்பப் போய்ப் பார்த்து 'சே, இவ்வளவுதானா' என்று சொல்லவும் வழியில்லை.

"நாங்களும்தான் ஆடினோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. கதை சொல்ல இருப்பவர்கள் தப்பியவர்கள், ஆக்‌ஷன் பார்க்கில் குறைந்தது 5 பேர் உயிரோடு திரும்பவில்லை.