அக்காவின் சிறுநீரகத்தோடு வைரசும் வருமா?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்க அவருடைய அக்கா முன்வந்திருக்கிறார். பரிசோதனையில் அக்காவுக்கு சைட்டோமெகலோ வைரஸ் இருக்கிறது, இவருக்கு இல்லை என்றார்கள். "நோயை விலைக்கு வாங்கிறதா?" என்று மாமி பயப்படுகிறா. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
வாசகி, தம்பலகாமம், திருகோணமலை

பதில்: அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரி. அக்கா இப்போது நோயாளி இல்லை. சின்ன வயதில் எச்சில் வழியாகத் தொற்றி, சாதாரணக் காய்ச்சலாக வந்து போயிருக்கும். ஆனால் அந்த வைரஸ் ஆயுள் முழுக்க உடம்பில் ஒடுங்கிக் கிடக்கும். நம் ஊர்ப் பெரியவர்களில் அநேகம் பேருக்கு அது உண்டு. இல்லை என்று வந்த உங்கள் கணவர்தான் அபூர்வம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைப்பார்கள். அந்த நேரம், அவருடைய உடம்பு முன்பின் அறியாத வைரஸ் கிளம்பினால் நுரையீரல், குடல், ஏன், அந்தச் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். அதற்குத்தான் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை, இவர் நிலையில் வழக்கமாக 6 மாதம். விலை கூடிய மாத்திரை என்பதால் சிலர் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யவே வேண்டாம். இந்த மாத்திரையால் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். மாத்திரை முடிந்த பிறகு வரும் மாதங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சல், வயிற்றோட்டம், காரணமில்லாத களைப்பு என்றால் பனடோல் கொடுத்துவிட்டு வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல், கிளினிக் கொப்பியோடு அன்றைக்கே போய்விடுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, சொல்லாமல் விடப்படும் விஷயங்கள். எச்ஐவி, ஈரல் அழற்சி பி, சி எல்லாம் சோதிப்பார்கள். ஆனால் அண்மையில் தொற்றியிருந்தால் சில நாட்களுக்கு, சில வாரங்களுக்குக்கூட, பரிசோதனையில் பிடிபடாது. 2004இல் அமெரிக்காவின் டெக்சாஸில் இறந்த ஒருவரின் உறுப்புகளையும் இரத்தக்குழாயையும் பெற்ற 4 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அவரை வௌவால் கடித்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. ஆகவே அக்காவை மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். குடும்பத்தார் முன்னால் எந்தப் பெண்ணும் எல்லாவற்றையும் சொல்லமாட்டாள். நாய்க்கடி, இரத்தம் ஏற்றியது, பச்சை குத்தியது எதுவானாலும் சொல்லட்டும்.

அப்புறம், உங்கள் கணவர் ஈரல் அழற்சி பி தடுப்பூசி போட்டுவிட்டாரா? சத்திரசிகிச்சைக்குப் பிறகு அது சரியாக வேலை செய்யாது. அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள்.